நாய்க்கடி: காயத்துக்குள் போடும் ஊசி பற்றிக் கேளுங்கள்

நாய்க்கடி ஊசி போடும் அறையில் பல வருஷம் வேலை பார்த்த செவிலியர் நான். வந்த கேள்விகளும் என் பதில்களும்:

கேள்வி: சிஸ்டர், என் எட்டு வயசு மகனைத் தெருநாய் விரலில் கடித்துவிட்டது. தோளில் தடுப்பூசி போட்டுவிட்டு, காயத்துக்குள்ளும் குத்தினார்கள். பையன் துடித்துவிட்டான். இது தேவைதானா?

கட்டாயம் தேவை அம்மா. தடுப்பூசி போட்டதும் உடம்பு தானே எதிர்ப்பொருளைத் தயாரிக்க வேண்டும். அதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். ரேபிஸ் கிருமி அதுவரை காத்திருக்காது; நரம்பைப் பிடித்து மூளைக்கு ஏறப் பார்க்கும். விரல் நுனியில் நரம்பு நிறைய என்பதால் ஆபத்தும் கூடுதல். அந்த இடைவெளிக்குத்தான் காயத்துக்குள் போடும் இம்யூனோகுளோபுலின்; சீரம் என்றும் சொல்வோம். தடுப்பூசி போட்ட மனிதரின் அல்லது குதிரையின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த, தயார் நிலையில் உள்ள எதிர்ப்பொருள் அது. கிருமி நுழைந்த இடத்திலேயே அதை மடக்கிவிடும். இடுப்பில் போட்டால் அந்தப் பலன் கிடைக்காது.

விரலில் போடுவது எங்களுக்கும் மனசு பதைக்கிற வேலைதான். சதை குறைவு. மருந்து ஏற ஏறத் தோல் வெளுத்து விம்மும். அதற்கு மேல் அழுத்தினால் ரத்த ஓட்டமே தடைப்படும் என்பதால் சொட்டுச் சொட்டாகத்தான் இறக்குவோம்.

கேள்வி: ஐந்தாறு இடத்தில் கடி. மருந்தை அதிகமாகப் போடலாமே?

கூடாது. கிலோ எடைக்கு மனித சீரம் 20 யூனிட், குதிரை சீரம் 40 யூனிட். அதற்கு மேல் போனால் தடுப்பூசியின் வேலையை அது மட்டுப்படுத்திவிடும். போதவில்லை என்றால் சலைன் கலந்து எல்லாக் காயத்துக்கும் போடுவோம்.

கேள்வி: எனக்குத் தடுப்பூசி மட்டும் போட்டு நாலு நாள் ஆகிறது. காயத்தில் ரத்தம் வந்தது.

இன்றே கிளம்புங்கள். முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாள் வரை சீரம் போடலாம். பிறகு உங்கள் உடம்பே தயாரிக்கத் தொடங்கியிருக்கும், தேவைப்படாது. ஏற்கெனவே முழுசாக ரேபிஸ் தடுப்பூசி போட்டவர்களுக்கும் சீரம் வேண்டாம், தடுப்பூசி மட்டும் போதும்.

கேள்வி: சீரம் போட்டாச்சு, மீதித் தடுப்பூசியை விட்டுவிடலாமா?

விடவே கூடாது. இது கைமாற்றாக வந்த எதிர்ப்பொருள். சுமார் மூன்று வாரத்தில் பாதியாகக் கரையும். புதிதாக உருவாக்க உடம்புக்குக் கற்றுத் தராது. கற்றுத் தருவது தடுப்பூசிதான். மஞ்சள் காமாலை பி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் போடுவதும் இதே கணக்குதான்.

கேள்வி: பாட்டி மஞ்சள் அப்பிவிட்டார். தையலும் போட வேண்டுமாம்.

குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள், மஞ்சள் முழுக்கப் போகட்டும். தையல் தவிர்க்க முடியாதது என்றால், முதலில் சீரம் உள்ளே போக வேண்டும். சில மணி நேரம் கழித்துத்தான் ஊசிநூல். சீரம் போட்டாகிவிட்டதா என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், தயங்காதீர்கள்.