நூறு வாட் ரேடியோவுக்கு எந்த ஜெனரேட்டர்? கேள்வி பதில்

களத்துக்கு ஹாம் ரேடியோவை (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் ரேடியோ) தூக்கிக்கொண்டு போகிறவர்கள் ஜெனரேட்டர் பற்றிக் கேட்கலாம் என்றிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

பல்லடம்: ஏனுங்ணா, நூறு வாட் எச்.எஃப். (சிற்றலை) செட்டுக்கு எத்தனை கேவிஏ வாங்கோணும்?

ஒரு கேவிஏ, அதாவது ஏறக்குறைய ஆயிரம் வாட், போதும் தம்பி. பேசும்போது செட் 13.8 வோல்ட்டில் 20, 22 ஆம்பியர் இழுக்கும். 300 வாட் என்று வையுங்கள். பவர் சப்ளையில் வீணாவதையும் சேர்த்தால் 350-ஐ ஒட்டி வரும். லேப்டாப், இரண்டு எல்இடி பல்பு போட்டாலும் மிச்சம் இருக்கும். வாங்குவதை இன்வெர்ட்டர் ரகமாக வாங்குங்கள். சாதா ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸ் தர நிமிடத்துக்கு 3000 சுற்றிலேயே ஓடியாக வேண்டும். இன்வெர்ட்டர் ரகம் கரண்டை டிசி ஆக்கி, திரும்ப ஏசி ஆக்குவதால் லோடு குறைந்தால் மெதுவாக ஓடும். பெட்ரோல் மிச்சம், சத்தமும் குறைவு. மழை வந்தாலும் டென்டுக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

காங்கேயம்: அந்த இன்வெர்ட்டர் ரகம்தான் வாங்கினேன். ஆன் செய்தால் ரேடியோவில் ஒரே இரைச்சல். ஏமாற்றிவிட்டார்களா?

இல்லைங்க, அது அந்த ரகத்தின் குணம். உள்ளே இருக்கும் சுவிட்சிங் சர்க்யூட்தான் இரைகிறது. ஊதியூர் மலையடிவாரத்தில் எனக்கும் இதே கதைதான். 7 மெகாஹெர்ட்ஸில், சிக்னல் பலத்தைக் காட்டும் மீட்டர் இரைச்சலாலேயே எஸ்7-ல் நின்றது. ஒரு குரல்கூடக் காதில் விழவில்லை. ஜெனரேட்டரை அணைத்ததும் முள் சட்டென்று எஸ்2-க்கு விழுந்தது, ஒசூர்க்காரர் ஒருவர் தெளிவாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் மூன்று வேலை செய்தேன். ஜெனரேட்டரை 30 மீட்டர் தள்ளி, ஆன்டெனா கம்பியின் நேர் கீழே வராதபடி வைத்தேன். இரைச்சலை அடக்கும் 31-ஆம் மிக்ஸ் (ஒரு கலவை ரகம்) ஃபெரைட் வளையம் ஒன்றில் ஒயரை எட்டுச் சுற்று சுற்றி, ஜெனரேட்டர் பக்கம் கட்டினேன். பவர் சப்ளை பக்கம் இன்னொன்று. எஸ்3-க்கு வந்தது. வோல்ட்டேஜ் இறங்குமே என்று பயப்பட வேண்டாம்: 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 30 மீட்டருக்கு, நாலு ஆம்பியருக்கு மூன்று வோல்ட்தான் போகும். சாதா ஜெனரேட்டரில் 'டிக் டிக்' என்று கேட்டால் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள்; உள்ளே மின்தடை வைத்த ரெசிஸ்டர் பிளக்காக மாற்றுங்கள்.

தள்ளி வைப்பதில் இன்னொரு லாபம், புகை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும், அதிலேயே உயிர் போய்விடும்.

ஈரோடு: அண்ணா, நூறு வாட்டுக்கு எத்தனை கேவிஏ?

பல்லடத்துக்காரரைக் கேளுங்க.

ஏற்காடு: மலை மேலே பவர் குறையும் என்கிறார்களே?

குறையும். ஏறும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் மூன்றரை சதவீதம் போல. உங்கள் 1500 மீட்டரில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். 900 வாட் ஜெனரேட்டர் 750 தரும். ரேடியோவுக்கு அதுவே தாராளம்.

பொள்ளாச்சி: அதிலேயே தோப்பு மோட்டாரையும் ஓட்டிக்கலாமா?

முடியாதுங்க. மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும்.

நாமக்கல்: கரண்ட் போனால் வீட்டு பிளக்கில் சொருகிவிடலாமா?

கூடவே கூடாது. கரண்ட் திரும்பி லைனுக்கு ஏறும்; கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிர் போகும். லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு ஒயரிங்கைத் தொடாதீர்கள்.

கோபி: பெட்ரோலும் வேண்டாம் புகையும் வேண்டாம். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று போதுமே! எதுக்கு ஜெனரேட்டர்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குரலில் பேசினால், கால்வாசி நேரம் சராசரி 10 ஆம்பியர், மீதி நேரம் கேட்பதற்கு ஒன்றரை. சராசரி 3.6. ஒரு நாள் முழுக்க 87 ஆம்பியர்-அவர். ஒரு செட்டுக்கு நீங்கள் சொல்வது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போது பாதிப்பேர், கம்ப்யூட்டர் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் எஃப்டி8-இல் அல்லவா உட்கார்ந்திருக்கிறார்கள்? 15 வினாடிக்கு ஒரு முறை மாறி மாறி, 12.6 வினாடி முழு பவர். பத்துப் பதினோரு மணி நேரத்தில் பேட்டரி கவிழ்ந்துவிடும்.

கோபி: எஃப்டி8-க்கு எதுக்கு நூறு வாட்? இருபது போதும். கணக்கை மாத்துங்க!

அதுவும் சரி. இதற்குள் இன்னும் நாலு பேர் கோபிக்காரர் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். சோலார் தகட்டோடு ஒருவரும் வந்திருக்கிறார். சரி, என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: இரண்டாம் நாள், இரண்டு செட் என்றால் ஜெனரேட்டர் வேண்டும். ஆனால் ரேடியோவை நேராக அதில் ஓட்டாதீர்கள். பகலில் 20 ஆம்பியர் சார்ஜரில் ஐந்து மணி நேரம் பேட்டரியை நிரப்புங்கள். அந்த நேரம் சாப்பாடு, தூக்கம். ராத்திரி பேட்டரியில் பேசுங்கள், ஜெனரேட்டர் அணைந்தே இருக்கட்டும். இரைச்சலும் போச்சு, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வசவும் போச்சு.

கரூர்: போன வருஷம் ஓடியது, இப்போது கயிறு இழுத்து இழுத்துக் கை வலிக்கிறது.

பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகி ஜெட்டை அடைத்திருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுக்கும். கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். மூட்டை கட்டி வைக்கும்போது பெட்ரோல் குழாயை மூடி, தானாக அணையும் வரை ஓடவிடுங்கள்.

அவிநாசி: அண்ணா, நூறு வாட் செட்டுக்கு 2 கேவிஏ வேணுங்களா?

ஒன்று. டென்டுக்கு வெளியே.