பதில்: கட்டமைப்புவாத ஒப்படை ஏன் திரும்பி வந்தது?

தங்கச்சி, பாக்குநீரிணை மீன்பிடிப் பிரச்சினையைக் கட்டமைப்புவாதத்தால (constructivism: அரசுகளின்ர அடையாளமும் நலனும் பழக்கத்தில உருவாகுது எண்ட சர்வதேச உறவுக் கோட்பாடு) விளக்கினன், விரிவுரையாளர் "இது யதார்த்தவாதம்தான்" (realism: அரசுகள் தங்கட நலனுக்காகத்தான் நடக்குது எண்ட கோட்பாடு) எண்டு திருப்பிவிட்டார் எண்டு எழுதியிருக்கிறீர். நீர் போட்ட பந்தியிலயே காரணம் கிடக்கு: "இந்தியா தன்ர நலனுக்காகத் தமிழ் அடையாளத்தைப் பாவிக்குது." அதில நலன் முதலே இருக்கு, அடையாளம் வெறும் கருவி. கட்டமைப்புவாத அறிஞர் அலெக்சாண்டர் வென்ட் 1992இல சொன்னது மறுவளம்: அரசுகள் ஒண்டோடொண்டு பழகப் பழகத்தான் 'நான் ஆர், எனக்கு என்ன வேணும்' எண்டதே உருவாகுது.

ஆகையால கேள்வியை மாத்தும். 1974, 1976 இந்திய-இலங்கை உடன்படிக்கைகள் கடலில கோடு போட்டபிறகு, அதே வள்ளக்காரன் எப்பிடி 'எல்லை தாண்டினவன்' ஆனான்?

சான்றுக்கு ஹன்சாட்டும் (பாராளுமன்ற உரைப் பதிவு) இரண்டு நாட்டு அறிக்கைகளும் எடும். "பாரம்பரிய உரிமை", "அத்துமீறல்", "தொப்புள்கொடி உறவு" எண்ட சொற்களை ஆர், எப்ப, ஆருக்கு முன்னால சொல்லுகினம் எண்டு அட்டவணை போடும். சொல்லை எண்ணினால் மட்டும் காணாது. அதோட கைது, விடுதலை, பேச்சுவார்த்தை எண்ட நடைமுறையும் மாறினதைக் காட்டவேணும்; கனபேர் சறுக்கிறது இங்கதான்.

உமக்குக் கைகொடுக்கிற இடம் ஒண்டு: இரண்டு கரையிலயும் ஒரே மொழி, எண்டாலும் இலங்கை வடக்கு மீனவருக்கு முதலில தெரியிறது தங்கட வலையை அறுக்கிற இந்திய இழுவைப்படகு. அடையாளம் நிலையானதெண்டால் இது நடக்காது.

2017இல இலங்கை இழுவைமடியைத் தடைசெய்ததை ஃபின்னமோர், சிக்கிங்க் எண்ட அறிஞர்கள் சொன்ன, நெறிமுறை (norm) ஒண்டு உருவாகி, பரவி, ஊறிப்போற மூன்று கட்டத்துக்குள்ள திணிக்காதேயும். அது கன நாடுகளுக்கு நெறிமுறை பரவிற கதை. உம்மட்ட இருக்கிறது இரண்டு நாடு.