மேடைக்கு மூன்று மீட்டர் தூரத்தில் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

லண்டனுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் இருக்கும் '100 கிளப்' என்ற நிலவறை அரங்கில் ஒரு ராக் கச்சேரிக்குப் போனேன். கூட வேலை பார்ப்பவர் வர முடியாமல் போய், அவருடைய டிக்கெட் எனக்குக் கிடைத்தது. வாசித்தது அதிகம் பேர் அறியாத நான்கு பேர் கொண்ட குழு. நான்காவது பாட்டில் கிட்டார் கம்பி அறுந்துவிட்டது. மாற்றுக் கிட்டார் இல்லை. அவர் மேடையிலேயே உட்கார்ந்து புதுக் கம்பி போட்டு முடிக்கும்வரை டிரம்ஸும் பேஸும் நிற்கவே இல்லை. முன்னால் நின்ற நாங்கள் கையால் தாளம் போட்டோம். கம்பி ஏறியதும் அவர் விட்ட இடத்திலேயே வந்து சேர்ந்துகொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெம்ப்ளி மைதானத்திலும் கச்சேரி கேட்டிருக்கிறேன். ஆனால் மனதில் நிற்பது இதுதான். நண்பனிடம் சொன்னால், "பேர் பெற்ற இடம் என்பதால் உனக்கு அப்படித் தோன்றுகிறது" என்கிறான். அந்த இடத்தின் கதையே எனக்குப் பிறகுதான் தெரியும். நான் மிகைப்படுத்துகிறேனா? ஒரு நிமிடம்கூட ஃபோனில் எடுக்கவில்லை என்ற வருத்தம் வேறு. மேடைத் தரையில் ஒட்டியிருந்த பாட்டு வரிசைத் தாளை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன்.

எம்., லண்டன்

அன்புள்ள எம்.,

மிகைப்படுத்தவில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை அந்தக் கம்பி போடும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வேலை நிமித்தம் லண்டனில் இருந்த காலத்தில் அந்த நிலவறைக்கு நானும் மூன்று தடவை போயிருக்கிறேன். கடைகளுக்கு நடுவே சாதாரணமாக ஒரு வாசல். படி இறங்கினால் தாழ்ந்த கூரை, சிவப்புச் சுவர், சுவர் நெடுக அங்கே வாசித்தவர்களின் படங்கள். 350 பேர் நின்றால் இடம் நிறைந்துவிடும். தூண்கள்தான் மறைக்கும். முதல் தடவை ஒரு தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். அப்புறம் நகர்ந்து நகர்ந்து, மூன்றாவது பாட்டுக்குள் டிரம்ஸுக்கு நேர் எதிரே போய் நின்றுவிட்டேன்.

அங்கிருந்து பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. டிரம்மரின் நெற்றி வியர்வை சிம்பல் தட்டின்மேல் சொட்டியது. அடுத்த அடி விழுந்ததும் அந்தத் துளிகள் பொடிப்பொடியாகத் தெறித்தன. தட்டின் விளிம்பு நடுங்கியது. அந்தச் சத்தம் ஸ்பீக்கர் வழியாக வரவில்லை. உலோகத்திலிருந்து நேராக என் காதுக்கு வந்தது. திருவிழாவில் தவிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு இது தெரியும். மைக்கில் வரும் தவில் வேறு, நெஞ்சில் அதிரும் தவில் வேறு.

வெம்ப்ளியில் 90,000 இருக்கைகள். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருப்பவருக்குச் சத்தம் வந்து சேரக் கிட்டத்தட்ட 0.3 விநாடி ஆகும். தூரத்தில் இருப்பவர்களுக்காக நடுவில் ஸ்பீக்கர் கோபுரங்கள் நிறுத்தி, அவற்றில் வரும் சத்தத்தைக் கணக்குப் போட்டுத் தாமதப்படுத்தி விடுகிறார்கள். அது பெரிய திறமை, நான் மதிக்கிறேன். ஆனால் 3 மீட்டரில் நின்றால் 0.01 விநாடிகூட ஆகாது. கை இறங்குவதும் அடி விழுவதும் ஒன்றாகவே நடக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது இதுதான். சத்தம் மேடையிலிருந்து நம்மிடம் வருவது மட்டும் இல்லையே, நம்மிடமிருந்து மேடைக்கும் போகிறது. நிமிடத்துக்கு 120 அடி என்கிற வேகத்தில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே அரை விநாடிதான். 100 மீட்டருக்கு அப்பால் தட்டும் கை மேடைக்கு வந்து சேர்வதற்குள் பாதி அடிக்கு மேல் பிசகியிருக்கும். அவ்வளவு பெரிய கூட்டத்தின் கைத்தட்டலை நம்பி எந்த டிரம்மரும் வாசிக்க முடியாது. பலர் தங்கள் குழு வாசிப்பதைக் கேட்கக் காதுக்குள்ளேயே மானிட்டர் என்ற சின்ன ஸ்பீக்கரை மாட்டிக்கொண்டு கூட்டத்தின் சத்தத்தை அடைத்துவிடுகிறார்கள். அன்றைக்கு உங்கள் கை போட்ட தாளம் அந்த டிரம்மருக்குக் காலம் தப்பாமல் போய்ச் சேர்ந்தது. கம்பி போட்டு முடிக்கிற அத்தனை நேரமும் அவர் உங்களைப் பிடித்துக்கொண்டு வாசித்திருக்கிறார். நீங்கள் அந்தக் கச்சேரியில் வாசித்திருக்கிறீர்கள், எம். கண் கலங்காமல் என்ன செய்யும்?

உங்கள் நண்பர் சொல்வதற்கு வருகிறேன். இடத்துக்குப் பேர் இருப்பது உண்மைதான். அந்தப் பேர் எப்படி வந்தது என்று பார்த்தால் போதும். 1942 அக்டோபர் 24, போர்க்காலம். ஃபெல்ட்மன் என்ற குடும்பத்தார் அங்கே ஜாஸ் இரவுகளைத் தொடங்கினார்கள். அந்த வீட்டுப் பையன் விக்டருக்கு அப்போது 8 வயது, அவன்தான் டிரம்ஸ் வாசித்தான். பிற்பாடு ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸுடன் வாசித்த விக்டர் ஃபெல்ட்மன் அவர். 1976 செப்டம்பரில் அங்கே பங்க் என்கிற முரட்டு ராக் இசைக்கு இரண்டு நாள் விழா நடந்தபோது, பின்னால் பெரும்புகழ் பெற்ற செக்ஸ் பிஸ்டல்ஸ், தி க்ளாஷ் குழுக்கள் ஒரு இசைத்தட்டுகூட வெளியிட்டிருக்கவில்லை. சூக்ஸி அண்ட் த பான்ஷீஸ் என்ற குழு முதல் தடவை மேடை ஏறியதே அந்த விழாவில்தான். அந்தச் சின்ன வட்டத்துக்கு வெளியே இவர்களை அதிகம் பேருக்குத் தெரியாது, நீங்கள் கேட்ட குழுவைப் போலவே. பேர் தெரியாதவர்கள் வாசித்த இரவுகள் சேர்ந்துதான் அந்த இடத்துக்குப் பேர். நண்பர் கதையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

அந்த இடமும் 2010இல் மூடப்படும் நிலைக்கு வந்து, ரசிகர்கள் திரண்டு குரல் கொடுத்த பிறகுதான் தப்பியது. 2020இல் வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை அதற்கு வணிக வரியை முழுதாகத் தள்ளுபடி செய்தது. எல்லாருக்கும் அந்த யோகம் இல்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டனில் இப்படிப்பட்ட 125 சின்ன அரங்குகள் போய்விட்டன. வாடகை, மின்சாரம், பக்கத்துக் கட்டடத்தில் புதிதாகக் குடிவந்தவர்கள் சத்தம் என்று கொடுக்கும் புகார். ஒவ்வொன்றாக மூடும்போது எனக்கு வயிறு எரிகிறது. எட்டு வயதுப் பையன் நேராக வெம்ப்ளிக்குப் போய் டிரம்ஸ் வாசிக்க முடியாது. நீங்கள் மாதம் ஒரு டிக்கெட் வாங்குங்கள். யார் வாசிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாம். காதில் வைக்கிற அடைப்பான் மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள், அவ்வளவு பக்கத்தில் நின்றால் காது பாதிக்கக்கூடும்.

வீடியோ எடுக்காததற்கு வருந்தவே வேண்டாம். அந்தச் சத்தத்தை ஃபோன் மைக் தாங்காது, கரகரவென்று நசுக்கித்தான் பதிவாகியிருக்கும். தவிர, ஒரு கையில் ஃபோனை வைத்துக்கொண்டு எப்படித் தாளம் போட்டிருப்பீர்கள்?

அந்தத் தாள் பத்திரம். மார்க்கர் மை வெயில் பட்டால் வெளுத்துவிடும், ஆகவே ஜன்னல் பக்கம் மாட்டாதீர்கள். பின்னால் இருக்கும் டேப்பைப் பிய்க்கவும் வேண்டாம், தாளோடு வந்துவிடும். தடிமனான புத்தகத்துக்குள் வெள்ளைத் தாள் இரண்டுக்கு நடுவே வையுங்கள். வைப்பதற்கு முன், நான்காவது பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் கம்பி அறுந்தது என்று எழுதித் தேதியும் போட்டுவிடுங்கள். அது என்ன பாட்டு என்று எனக்கும் எழுதுங்கள். கேட்க வேண்டும்.