தங்கைக்கு வருத்தமில்லை என்று யார் சொன்னது?

கேள்வி: எனக்கு வயது 36. பெட்ரோலிய நிலவியலில் முனைவர் பட்டம் பெற்று, இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த ஆய்வாளராக இருக்கிறேன். எண்ணெய் தேங்கியிருக்கும் பாறைகளைக் கணினியில் மாடலாக அமைத்து, அந்த வயலின் பழைய உற்பத்திக் கணக்கோடு பொருத்திப் பார்ப்பது என் வேலை. ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. நார்வேயில் மூன்று வருட வேலை கிடைத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். எண்ணெய்க்கு இனி எதிர்காலம் இல்லை என்கிறார்களே, இதே துறையில் தொடரலாமா? அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து 31 வயதுத் தங்கைதான் பார்த்துக்கொள்கிறாள். போன வருடம் அரசின் புது அடுக்குமாடி வீட்டுக்கான பிடிஓ வரிசை எண் வந்தும் அப்பாவுக்காக விட்டுவிட்டாள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. நான் போகலாமா?
– ஒரு வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: தம்பி, துறையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வட கடலில் ஸ்லைப்னர் என்ற இடத்தில் 1996 முதல் கரியமில வாயுவைக் கடலடிப் பாறைக்குள் செலுத்திப் பூட்டி வைக்கிறார்கள். பாறையின் நுண்துளைகளில் எது எங்கே நகரும் என்று கணக்கிடும் உங்கள் வித்தைதான் அதற்கும் வேண்டும். சிங்கப்பூரில் தொழிற்சாலைகள் வெளியிடும் கரியமில வாயுவுக்கான கரிம வரி 2024இல் டன்னுக்கு 25 வெள்ளி, 2026இல் 45. புதைக்கத் தோதான பாறை நம்மிடம் இல்லாததால் அங்கே கொண்டுபோய்ப் புதைப்பது பற்றி 2024இல் இந்தோனேசியாவோடு விருப்பக் கடிதத்தில் கையெழுத்தாகியிருக்கிறது. உங்கள் படிப்புக்கு இந்தப் பக்கத்திலேயே வேலை வரும். சரி, அது போகட்டும்.

‘அவளுக்கு அதில் வருத்தமில்லை.’ இந்த ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அவள் சொன்னாளா, நீங்களாக எழுதினீர்களா?

தனி ஆளாக பிடிஓவுக்கு விண்ணப்பிக்க 35 வயது ஆக வேண்டும். உங்கள் தங்கைக்கு 31. அப்பாவையும் சேர்த்து விண்ணப்பித்திருந்தால் அப்பாவுக்காக விட்டிருக்க மாட்டாள். அப்படியென்றால் அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கும் பையன் ஒருவனும் சேர்ந்துதானே விண்ணப்பித்திருப்பான்? உங்கள் கடிதத்தில் அவன் எங்கே? அவள் விட்டது வீட்டை மட்டுமா? கல்யாணமே தள்ளிப் போயிருக்கிறது. அண்ணன்காரனுக்கு அது கண்ணில் படவில்லை.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக் கிலோமீட்டர் வயலுக்குக் கையில் இருப்பது கை அகலப் பாறைத் துண்டுகள் சில. மற்றது பெரும்பாலும் ஊகம். பழைய கணக்கோடு ஒரு மாடல் பொருந்திவிட்டால் அதுதான் உண்மை என்று நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதே கணக்குக்கு வேறு பத்து மாடலும் பொருந்தும் என்பது உங்களுக்குத் தெரியும். தங்கை வாய் திறக்கவில்லை என்பது பழைய கணக்கு. வருத்தமில்லை என்றாலும் அதற்குப் பொருந்தும். வருத்தத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறாள் என்றாலும் பொருந்தும். கல்லுக்குக் காட்டுகிற கவனத்தில் பாதியைக்கூடக் கூடப் பிறந்தவளுக்கு நீங்கள் காட்டவில்லை.

ஒன்று கேட்கிறேன். அப்பாவுக்குச் சட்டை போடும்போது எந்தக் கையை முதலில் நுழைக்க வேண்டும்? என் மாமனாருக்கு மூன்று வருடம் போட்டுவிட்டவள் நான். வராத கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டும். விரல்கள் மடங்கி உள்ளே மாட்டிக்கொள்ளும், ஒவ்வொன்றாக நீவி வெளியே எடுக்க வேண்டும். கழற்றும்போது அந்தக் கை கடைசி. உங்கள் தங்கைக்கு இது மனப்பாடம். உங்களுக்கு?

மகள் பார்த்துக்கொள்வாள், மகன் சம்பாதிப்பான் என்ற வழக்கத்தை நான் ஒத்துக்கொள்வதில்லை. பெற்றவர் இருவருக்கும் பொது. நார்வேயிலிருந்து பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். பணம் வேண்டும்தான், பணிப்பெண் வைக்கவும் அது உதவும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா கூப்பிட்டால் யார் எழுந்திருப்பது?

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாளையிலிருந்து இரண்டு வாரம் அப்பா உங்கள் பொறுப்பு. குளியல், மாத்திரை, சிகிச்சைக்குக் கூட்டிப்போவது எல்லாம். தங்கையை வேலை முடிந்ததும் அந்தப் பையனோடு வெளியே அனுப்புங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் உட்கார வைத்துக் கேளுங்கள்: மறுபடி விண்ணப்பிக்க என்ன தடை, அதில் நான் எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், நடுவில் பேசாதீர்கள்.

அந்தப் பையனின் பெயரைத் தெரிந்துகொண்டு எனக்கு எழுதுங்கள். நார்வேயைப் பற்றி அப்போது பேசுவோம்.