ரத்தத்தில் பூஞ்சையா?

கேள்வி: என் மாமனாருக்கு (71 வயது) குடல் ஆபரேஷன் நடந்தது. ஐ.சி.யு.வில் பதினாறாம் நாள், 'ரத்தத்தில் பூஞ்சை வளர்ந்திருக்கிறது' என்றார்கள். தினமும் விலை உயர்ந்த ஊசி போடுகிறார்கள். ஆஸ்பத்திரி சுத்தமாக இல்லாததால்தானே இது வந்தது? 2021-ல் பரவிய கறுப்புப் பூஞ்சைதானா இது?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில் (ஓய்வுபெற்ற தொற்றுத் தடுப்பு செவிலியர்): முதலில் கறுப்புப் பூஞ்சை பயத்தை விடுங்கள், அம்மா. அது வேறு சாதி. மூக்கு, கண் பக்கம் திசுவை அரிக்கும். ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்தை எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) வளர்வது அபூர்வம். உங்கள் மாமனாருக்கு வந்திருப்பது பெரும்பாலும் கேண்டிடா. கைக்குழந்தை நாக்கில் வெள்ளையாகப் படியுமே, அந்த இனம். பலர் குடலில் சாதுவாகக் கிடப்பதுதான். குடலைத் திறந்து தைத்திருக்கிறார்கள். நாள்கணக்கில் ஆன்டிபயாடிக் ஓடியிருந்தால் அதை அடக்கி வைத்திருந்த பாக்டீரியாக்களும் செத்திருக்கும். கழுத்தில் சென்ட்ரல் லைன் (மருந்து ஏற்றப் பெரிய ரத்தக்குழாய்க்குள் போடும் மெல்லிய குழாய்) வேறு இருந்தால், அது ரத்தத்தில் இறங்க இவ்வளவு போதும். அழுக்கை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

அதற்காக ஆஸ்பத்திரியை முழுசாக விட்டுவிடவும் மாட்டேன். ரவுண்ட்ஸ் போகும்போது நான் முதலில் பார்ப்பது, லைன் மேல் ஒட்டிய பிளாஸ்திரியில் பேனாவால் எழுதிய தேதியை. ஒருமுறை தேதி கடந்து, ஓரம் சுருண்டு, அடியில் காய்ந்த ரத்தத்தோடு இருந்தது. "இந்த லைன் இன்னும் எதுக்கு?" என்றேன். "இருக்கட்டும் சிஸ்டர், தேவைப்பட்டா உதவும்." என் சர்வீஸில் நான் அதிகம் சண்டை போட்டது இந்த 'இருக்கட்டு'மோடுதான். நீங்களும் கேளுங்கள்: பழைய லைனை எடுத்துவிட்டார்களா?

அடுத்து, ரிப்போர்ட்டில் பூஞ்சையின் முழுப் பெயரைப் பாருங்கள். 'கேண்டிடா ஆரிஸ்' என்றிருந்தால் விஷயம் வேறு. 2009-ல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து அடையாளம் கண்டது. ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. வழக்கமான பூஞ்சை மருந்தான ஃப்ளூகோனசோல் இதன் பெரும்பாலான வகைகளிடம் எடுபடாது. இது பெட் விட்டு பெட் தாவும். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஆஸ்பத்திரி ஒன்றில் 2015-லிருந்து 2017 வரை 70 பேரிடம் இதைக் கண்டார்கள். துருவிப் பார்த்தால், அக்குளில் வைத்துக் காய்ச்சல் பார்க்கும் கருவியை நோயாளிக்கு நோயாளி மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள்! அதை நிறுத்திய பிறகுதான் குறைந்தது. ஆகவே ஆரிஸ் என்றால் தனி அறை, தனி பி.பி. பட்டை, குளோரின் கலந்த துடைப்பு வேண்டும். பார்க்கப் போகிறவர்கள் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கை சுத்தம் செய்ய வேண்டும்.

காய்ச்சல் விட்டதும் செலவுக்குப் பயந்து ஊசியை நிறுத்தச் சொல்லாதீர்கள். ரத்தத்தில் பூஞ்சை இல்லை என்று கல்ச்சர் வந்த நாளிலிருந்து குறைந்தது 14 நாள் மருந்து ஓடுவதுதான் வழக்கம். கண் டாக்டர் வந்து பார்த்தாரா என்றும் கேளுங்கள். இது விழித்திரையில் போய் உட்காரக்கூடியது. மயக்கத்தில் கிடக்கிற பெரியவர், 'பார்வை மங்குது' என்று எப்படிச் சொல்வார்?