ஸ்பானர் பதில்கள்: முக்திநாத் வரை ஒற்றையில்

(தக்கலையில் ஒர்க்‌ஷாப் நடத்தும் நம் பைக் பகுதிப் பதிலாளர், தனியாக வண்டியில் நேபாளம் போய் வந்தார். அதுபற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.)

ஊர் சுற்ற எத்தனையோ இடம் இருக்க, நேபாளம் ஏன்?
– வாசகர், திருவட்டார்

திருவட்டார்க்காரர் இதைக் கேட்கலாமா? உங்கள் ஊர் ஆதிகேசவப் பெருமாளைப் போல நேபாள மலையில் இருக்கும் முக்திநாத்தும் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் அதுதான். அப்புறம், கன்னியாகுமரியிலிருந்து போன பழைய 7-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை முடிந்த இடம் வாரணாசி. அங்கிருந்து கோரக்பூர் வழியாக சுனௌலி எல்லை. நமக்கு விசா வேண்டாம். வண்டிக்கு மட்டும் நாள் கணக்கில் 'பன்சார்' என்கிற சுங்கக் கட்டணம் கட்ட வேண்டும். இரண்டு மூன்று நாள் சேர்த்தே கட்டிவிடுங்கள். மலையில் மண் சரிந்து ரோடு அடைத்தால் தேதி தாண்டிவிடும், அபராதம் விழும்.

பாஷை தெரியாத மலையில் வண்டி நின்றுபோனால் கதி என்ன?
– கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

நின்றதே! முக்திநாத் போகும் மலை ரோட்டில், பேனியிலிருந்து ஜோம்சோம் போகும் வழியில், காஸா என்கிற ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால். ரோட்டின் குறுக்கே ஓடிய ஓடையில் பாதி போனபோது கிளட்ச் கேபிள் அறுந்தது. பின்னால் வந்த ஜீப் டிரைவரும் உள்ளே இருந்த இரண்டு பேரும் ஷூவோடு தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். எந்த ஊர் என்று கேட்டதுகூட வண்டி கரையேறிய பிறகுதான்.

ஒர்க்‌ஷாப்காரன் கையில் ஸ்பேர் கேபிள் இல்லாமல் இருக்குமா? இருந்தது. ஆனால் மழையில் விரல் மரத்துப்போய், நிப்பிளை லீவருக்குள் நுழைக்க முடியவில்லை. எதிர் வீட்டு அக்கா ஒருவர் குடையோடு ஓடி வந்தார். குடையைத் தன் தலைக்கும் பிடிக்கவில்லை, என் தலைக்கும் பிடிக்கவில்லை. நேராக ஹேண்டில்பாருக்கு மேலே பிடித்தார். நான் வேலையை முடிக்கும்வரை நனைந்துகொண்டே நின்றார். எனக்கு இந்தியே ஆனா ஆவன்னாதான். ஆனால் கிளட்ச், கேபிள், பிரேக் எல்லாம் அங்கேயும் அதே பெயர்தான்.

உதவியவர்களுக்குப் பணம் கொடுத்தீர்களா? கொடுப்பது மரியாதையா, இல்லையா?
– வாசகி, குளச்சல்

நல்ல கேள்வி. அந்த அக்கா லாட்ஜோ கடையோ நடத்துகிறவர் அல்ல. என்னை அடுப்பு பக்கத்தில் உட்கார வைத்து, மாவைக் கெட்டியாகக் கிண்டிய திண்டோவும், குந்துருக் என்கிற புளிக்க வைத்த கீரையில் செய்த ரசமும் தந்தார். தட்டு காலியாகும் முன்னே அடுத்த கரண்டி விழும். போதும் என்று கையால் மறைத்தாலும் விடமாட்டார்.

நான் பர்ஸைத் தொடவில்லை. நம் வீட்டுத் திண்ணையில் மழைக்கு ஒதுங்கியவனுக்குக் கட்டன்சாயா கொடுக்கிறோம், அவன் காசை நீட்டினால் நமக்குக் கோபம் வராதா? முற்றத்தில் அவர் மகனுடைய பைக் நின்றது. செயின் தொங்கிக்கொண்டிருந்தது, பின் பிரேக் பிடிக்கவில்லை. செயினை இறுக்கி ஆயில் விட்டேன், பிரேக் ராட் நட்டை நாலு சுற்று திருகினேன். அதை அவர் தடுக்கவில்லை. ஆனால் கிளம்பும்போது உலர்ந்த ஆப்பிள் ஒரு பொட்டலம் பையில் திணித்துவிட்டார், கணக்கு மறுபடி அவர் பக்கம்! (பதிலுக்குக் கொடுக்க நாகர்கோவிலில் வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸை எல்லை தாண்டும் முன்பே நான் தின்று தீர்த்திருந்தேன்.)

கடைக்காரர், மெக்கானிக், தள்ளிவிட வந்த கூலியாள் என்றால் பேரம் பேசாமல் கொடுங்கள். அது அவர்கள் பிழைப்பு. வீட்டுக்குள் கூப்பிட்டுச் சோறு போட்டவரிடம் நோட்டை நீட்டாதீர்கள். பாத்திரம் கழுவுங்கள், விறகு எடுத்துக் கொடுங்கள், போட்டோ எடுத்தால் அனுப்பி வையுங்கள். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு மறப்பவர்கள்தான் அதிகம்.

என் மகன் தனியாகப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறான். விடலாமா?
– ஒரு தாய், குழித்துறை

விடுங்கள் அம்மா. தினமும் காலையிலேயே ஓட்டி முடிக்கச் சொல்லுங்கள். மதியத்துக்கு மேல் அந்த வழியில் இருக்கும் காலிகண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கில் அடிக்கும் காற்று நம் ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு அண்ணன். வண்டியையே ஓரம் தள்ளும். நம் ஊர் சிம் ரோமிங் இல்லாமல் அங்கே எடுக்காது, ஒரு நாள் போன் வராவிட்டால் பதறாதீர்கள். எல்லையில் ஆதாரை மட்டும் காட்டினால் விடமாட்டார்கள். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, அசலாகவே இருக்க வேண்டும்.