கார்டு தேய்த்தால் 2 சதவீதம் கூடுதலா?

கேள்வி: சென்ற மாதம் எங்கள் ஊரில் உள்ள வீட்டு உபயோகப் பொருள் கடை ஒன்றில் 32,000 ரூபாய்க்கு வாஷிங் மெஷின் விலை பேசி முடித்தோம். பணம் கட்டப் போனபோது, கல்லாவில் இருந்தவர் "கார்டு என்றால் 2 சதவீதம் சேரும்" என்றார். டெபிட் கார்டுக்கும் கிரெடிட் கார்டுக்கும் ஒரே கணக்குதான் என்றும் சொன்னார். 640 ரூபாயை வீணாகக் கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு நாள் ஏ.டி.எம்.முக்கு நடந்து, ரொக்கமாகவே கட்டினோம். இப்படி வசூலிப்பது முறைதானா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: டெபிட் கார்டுக்கு வசூலிப்பது நிச்சயமாக முறையல்ல. வாடிக்கையாளரிடம் டெபிட் கார்டுக்குக் கட்டணம் கேட்பது அனுமதிக்கப்படாத செயல் என்றும், அப்படிக் கேட்கும் கடைகளுடனான உறவை வங்கிகள் முறித்துக்கொள்ள வேண்டும் என்றும் 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

கார்டு மூலம் வரும் ஒவ்வொரு விற்பனையிலும் வங்கி ஒரு பங்கைக் கடைக்காரரிடமிருந்து பிடித்துக்கொள்கிறது, எம்.டி.ஆர். என்று வணிகர்கள் சொல்வது இதைத்தான். டெபிட் கார்டுகளைப் பொறுத்தவரை, 2018 ஜனவரி முதல் இதற்கு உச்சவரம்பு உண்டு. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய் வரை உள்ள கடைக்கு 0.40 சதவீதம், அதற்கு மேற்பட்ட கடைக்கு 0.90 சதவீதம். அந்த 0.90 சதவீதமும் ஒரு விற்பனைக்கு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ரூபே டெபிட் கார்டுக்கும், வங்கிக் கணக்கிலிருந்து நேராகச் செல்லும் யு.பி.ஐ.க்கும் 2020 ஜனவரி முதல் கட்டணமே கிடையாது. ஆக, உங்கள் டெபிட் கார்டுக்குக் கடைக்காரர் அதிகபட்சமாக இழந்திருக்கக்கூடியது வரி நீங்கலாக 288 ரூபாய். அவர் உங்களிடம் கேட்டதோ 640 ரூபாய்.

கிரெடிட் கார்டின் கதை வேறு. அதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு எதையும் விதிக்கவில்லை. வங்கிக்கும் கடைக்கும் இடையே பேசி முடிக்கும் விகிதம்தான். எனக்குப் பழக்கமான ஒரு ஹார்டுவேர் கடைக்காரர், ஸ்வைப் மெஷின் மேல் "கிரெடிட் கார்டுக்கு 2% கூடுதல்" என்று அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். முந்தைய நாள் 10,000 ரூபாய்க்கு நடந்த விற்பனைக்கு அவர் கணக்கில் வந்திருந்தது 9,787 ரூபாய் 60 காசு. 1.8 சதவீதமாக 180 ரூபாயும், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யாக 32 ரூபாய் 40 காசும் பிடிக்கப்பட்டிருந்தன. சிமென்ட், பெயின்ட் போன்றவற்றில் மிகக் குறைந்த லாபத்துக்கு விற்கும் அவருக்கு இது சிறிய தொகை அல்ல என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், ஜி.எஸ்.டி. பதிவு பெற்று வழக்கமான முறையில் வரி கட்டும் கடை, அந்த 32 ரூபாய் 40 காசைத் தன் வரியில் கழித்துக்கொள்ள முடியும் என்பதும் உண்மை. "2 சதவீதம், அதற்கு மேல் ஜி.எஸ்.டி." என்று கேட்பவர்கள், தங்களுக்கு ஆகும் செலவைவிட அதிகமாகவே கேட்கிறார்கள்.

மேலும், ஸ்வைப் மெஷின் கொடுக்கும் வங்கியோடு கடைக்காரர் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில், இந்தக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது என்ற நிபந்தனை பொதுவாக இருக்கும். பல கடைகள் இந்தத் தொகையைப் பில்லில் தனி வரியாகக் காட்டத் தயங்குவதற்கு அதுவே காரணம் என்பது என் கருத்து. ஆகவே, "தருகிறேன், ஆனால் பில்லில் கார்டு கட்டணம் என்று எழுதிக் கொடுங்கள்" என்று நிதானமாகக் கேளுங்கள். பல இடங்களில் அந்த ஒரு வாக்கியத்திலேயே பேச்சு முடிந்துவிடும். முடியாவிட்டால், கார்டு தேய்த்ததும் வரும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அந்த மெஷின் எந்த வங்கியுடையது என்பது வழக்கமாக அதன் தலைப்பிலேயே இருக்கும்; பில் நகலுடன் அந்த வங்கிக்குப் புகார் எழுதலாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-லும் முறையிடலாம்.

இனி, கிரெடிட் கார்டைத் தேய்த்திருந்தால் உங்களுக்கு லாபமா என்பதையும் பார்த்துவிடுவோம். செலவில் 1 சதவீதம் திரும்பக் கிடைக்கும் கார்டு என்றால் 320 ரூபாய் வரும். 45 நாள் கழித்துப் பணம் கட்டுவதால், அந்தத் தொகை சேமிப்புக் கணக்கில் 3 சதவீத வட்டியில் இருந்து ஈட்டுவது சுமார் 118 ரூபாய். இரண்டும் சேர்ந்து 438 ரூபாய்; கடை கேட்டது 640 ரூபாய். ஆகவே கிரெடிட் கார்டைத் தவிர்த்தது சரியான முடிவே. கடைசி நாளுக்குள் முழுத் தொகையையும் கட்ட முடியாதவர்கள் இந்தக் கணக்கையே போடக் கூடாது. மாதத்துக்கு 3 சதவீதத்துக்கு மேலும் வட்டி போடும் கார்டுகள் இருக்கும்போது, 2 சதவீதக் கூடுதல் கட்டணம் அவர்களுடைய கவலைகளில் மிகச் சிறியது. ஆனால் நீங்கள் ஏ.டி.எம்.முக்கு அலைந்திருக்க வேண்டியதில்லை. யு.பி.ஐ.யிலோ, கூடுதல் ஏதும் தராமல் டெபிட் கார்டிலோ கட்டுவது உங்கள் உரிமை. அடுத்த முறை, விலை பேசும்போதே "கார்டுக்கும் இதே விலைதானே?" என்று கேட்டுவிடுங்கள், பொருளை வண்டியில் ஏற்றிய பிறகு கேட்டால் பேரம் அவர் கைக்குப் போய்விடும்.

கேள்வி: மகள் திருமணத்துக்கு 2,60,000 ரூபாய்க்கு நகை எடுக்கிறோம். கார்டு என்றால் கூடுதல் கட்டணம் உண்டு என்றும், ரொக்கமாக இரண்டு நாட்களில் பிரித்துக் கொடுத்தால் பில் போடாமல் ஜி.எஸ்.டி.யை விட்டுத்தருவதாகவும் கடையில் சொல்கிறார்கள். ஏற்கலாமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். 2017 ஏப்ரல் முதல், ஒரு பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ யாரும் ரொக்கமாகப் பெறக் கூடாது. ஒரே நகைக்கான பணத்தை இரண்டு நாட்களாகப் பிரித்துக் கொடுப்பதால் அது இரண்டு பரிவர்த்தனை ஆகிவிடாது. அபராதம் ரொக்கத்தை வாங்கிய கடைக்காரருக்குத்தான், அதுவும் வாங்கிய தொகை அளவுக்கு என்றாலும், உங்களுக்கும் இழப்பு உண்டு. 3 சதவீத ஜி.எஸ்.டி.யான 7,800 ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக, நகை உங்களுடையது என்பதற்கும் அதன் எடைக்கும் தரத்துக்கும் இருக்கும் ஒரே எழுத்துச் சான்றை நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். நாளைக்கு மாற்று குறைவு என்று தெரிந்தால் எதைக் காட்டி முறையிடுவீர்கள்? ஹால்மார்க் முத்திரையையும், அதனுடன் பொறித்திருக்கும் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. குறியீட்டையும் சரிபார்த்து, பில் வாங்கிக்கொண்டு, நெஃப்ட் மூலம் பணத்தை அனுப்புங்கள். அதில் கடைக்காரருக்குக் கார்டு கட்டணம் என்ற செலவே இல்லாததால், உங்களிடம் கேட்கவும் காரணம் இல்லை.

கேள்வி: பெட்ரோல் பங்க்கில் கிரெடிட் கார்டு பயன்படுத்தினால் பில்லில் இல்லாத தொகை மாதாந்திர ஸ்டேட்மென்ட்டில் வருகிறதே?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அது பங்க் வசூலிப்பதல்ல, எரிபொருளுக்கென்று வங்கி சேர்க்கும் கட்டணம், வழக்கமாக 1 சதவீதம். பல கார்டுகளில், குறிப்பிட்ட வரம்புக்குள் நிரப்பினால் அது தள்ளுபடியாகி அதே ஸ்டேட்மென்ட்டிலோ அடுத்ததிலோ வரவு வைக்கப்படும். வரம்பு கார்டுக்குக் கார்டு மாறும். 1,000 ரூபாய்க்கு நிரப்பினால் 10 ரூபாய் கட்டணமும் அதற்கு 1 ரூபாய் 80 காசு ஜி.எஸ்.டி.யும் ஏறும், தள்ளுபடியில் 10 ரூபாய் திரும்பும், 1 ரூபாய் 80 காசு பொதுவாகத் திரும்பாது.